காரில் அவசரத்துக்கு என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போகிறோம். அப்பா, அம்மா இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. கூட மனைவி, நாலு வயது மகள். வண்டி புதுசு. டிக்கியைத் திறந்து பார்த்தால் ஸ்டெப்னி இல்லை. ஒரு பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆன்லைனில் தேடினால் 3,000 ரூபாய்க்கு ஒரு சிவப்புப் பை வருகிறது. ஜம்பர் கேபிள், இழுக்கும் கயிறு, டார்ச், கையுறை, சுத்தியல், பிளாஸ்டர் என்று முப்பது சாமான் இருக்கிறதாம். அதை வாங்கிப் போட்டுவிட்டால் போதுமா, இல்லை தனித்தனியாக வாங்குவது நல்லதா?

ஓஎம்ஆர்_வாசி:
எதுவும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கையில் போன், இன்சூரன்ஸோடு ரோடுசைடு அசிஸ்டன்ஸ், நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண். இது போதும். இந்தப் பைகளை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவை கூடப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஊருக்குப் போகும்போது டிக்கியில் இடம் கிடைப்பதே கஷ்டம், அதில் முப்பது சாமான் எதற்கு?

நாமக்கல்_பட்டறை:
ஓஎம்ஆர் தம்பி சொல்றதுல பாதி சரிங்க. அந்தச் சிவப்புப் பையை வாங்காதீங்க. அதுல வர்ற ஜம்பர் கேபிளைக் கையில எடுத்துப் பார்த்தா தடிமனா இருக்கும். மேல் ரப்பரை உரிச்சுப் பார்த்தா உள்ள செம்பு ஒரு டீவி ஒயர் அளவுதான் இருக்கும். செத்த பேட்டரிக்குக் கரண்ட் பாயும்போது அது சூடேறி உருகிடும். சுத்தியலும் டார்ச்சும் அதே தரம்தான்.

மீதிப் பாதி சரியில்லைங்க. 1033-க்குப் போன் பண்ணி ஆள் வர்ற வரைக்கும் நீங்க எங்க நிப்பீங்க? அதுதான் முதல் கேள்வி. பட்டறைக்கு வர்ற வண்டிகள்ல நான் திரும்பத் திரும்பப் பார்க்கறது ஒண்ணுதான். பஞ்சராகி ஓரமா நின்ன வண்டிக்குப் பின்னாடி இன்னொரு வண்டி வந்து மோதினது. பஞ்சர்ல யாருக்கும் ஒண்ணும் ஆகறதில்லைங்க. நிக்கறப்பதான் ஆகுது.

அதனால முதல்ல வாங்க வேண்டியது உங்களை மத்தவங்க கண்ணுக்குக் காட்டற சாமான். ஒளி பிரதிபலிக்கற முக்கோணம், அதே மாதிரி மேல் அங்கி. முக்கோணம் வண்டி வாங்கும்போதே கொடுத்திருப்பாங்க. எங்க இருக்குன்னு தேடுங்க. பெரும்பாலும் டிக்கி தரைக்குக் கீழ, எல்லாப் பெட்டிக்கும் அடியில கிடக்கும். ராத்திரி ரோட்டுல நின்னு நாலு சூட்கேஸை இறக்கி வெச்சுட்டுத்தான் அதை எடுக்கணும்னா அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தஞ்சை_செவிலி:
நாமக்கல் அண்ணா சொன்னதை நான் மறுமுனையிலிருந்து பார்த்திருக்கிறேன். அவசரப் பிரிவில் வேலை. நின்ற வண்டியில் மோதி வருகிறவர்களில் பைக் ஓட்டி வந்தவர்கள்தான் அதிகம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் வண்டி நின்றால் சாலையில் பெரிய கல்லை உருட்டி வைப்பார்கள், இல்லையென்றால் வேப்பங்கிளையை ஒடித்து வண்டியின் பின்னால் செருகுவார்கள். கிளை இருட்டில் தெரியாது. கல்லை, வண்டி சரியானதும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கல்லில் ஏறி விழுந்தவர்களுக்கு நாங்கள் தையல் போடுகிறோம். தயவுசெய்து கல் வைக்காதீர்கள். யாராவது வைத்தது கிடந்தால், பாதுகாப்பாக நிறுத்த முடிகிற இடமென்றால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போங்கள்.

வைகைக்கரை:
முக்கோணத்தைத் தேடினேன். சொன்ன மாதிரியே தரைக்குக் கீழே, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் இருந்தது. அதை வண்டிக்கு எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும்? வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டி வைத்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நாமக்கல்_பட்டறை:
ஒட்டி வெச்சா பிரயோஜனமே இல்லைங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கு 100 கிலோமீட்டர்ல வர்ற வண்டி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகும். டிரைவர் பார்த்து, புரிஞ்சு, பிரேக்ல கால் வைக்கறதுக்கே ஒண்ணு ஒண்ணரை விநாடி. அதுக்கப்புறம் வண்டி நிக்கணும். லோடு லாரின்னா இன்னும் தூரம் எடுக்கும். நாலு வழிச் சாலையில 100 மீட்டராவது பின்னால வைங்க. ஊர்ச்சாலைன்னா 50. வளைவு தாண்டி நின்னிருந்தா வளைவுக்கு முன்னாடியே வைங்க.

வைக்கப் போகும்போது முக்கோணத்தை விரிச்சு, எதிர்ல வர்ற வண்டிக்குத் தெரியற மாதிரி நெஞ்சுக்கு முன்னால பிடிச்சுக்கிட்டே, ரோட்டை விட்டுத் தள்ளி நடங்க. அங்கியை வண்டிக்குள்ளயே போட்டுக்கிட்டுத்தான் இறங்கணும். கம்பிக் கால் வெச்ச கனமான முக்கோணமா இருக்கட்டும். லேசான பிளாஸ்டிக்குன்னா பக்கத்துல ஒரு டாரஸ் லாரி போற காத்துலயே கவிழ்ந்துடும்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு. சென்டர் மீடியன் ஓரமா, வலது லேன்ல நிறுத்தவே கூடாதுங்க. டயர் போனாலும் பரவாயில்லை, இண்டிகேட்டர் போட்டு மெதுவா உருட்டி இடது ஓரத்துக்கு வந்துடுங்க. டயர் கிழியும், ரிம் கூட அடிபடும். போகட்டும். நிறுத்தினதும் பெரியவங்களையும் குழந்தையையும் இடது பக்கக் கதவு வழியா இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்க. ஏசி ஓடுதேன்னு உள்ளயே உட்கார வைக்காதீங்க.

மஞ்சள்_மைல்கல்:
1033 பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நெடுஞ்சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். 1033 தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும்தான். மாநிலச் சாலையிலோ ஊர்ச்சாலையிலோ நின்றால் 112, அடிபட்டிருந்தால் 108. நெடுஞ்சாலை ஆட்கள் வந்து வண்டியைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடத்துக்கு நகர்த்துவார்கள். பட்டறை வரை இழுத்துப் போவது உங்கள் இன்சூரன்ஸ் உதவியின் வேலை. இரண்டு எண்களும் வேண்டும்.

போனில் பேசும்போது எல்லோரும் தடுமாறுவது ஒரே கேள்வியில்: "எங்கே இருக்கிறீர்கள்?" "விழுப்புரம் தாண்டி, ஒரு டீக்கடை பக்கத்தில்" என்பார்கள். ஓரத்தில் நடப்பட்டிருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையென்றால் மாநில நெடுஞ்சாலை. அதில் சாலை எண்ணும் கிலோமீட்டரும் இருக்கும். நடுவில் 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று சின்னக் கற்களும் வரும். அந்த எண்ணோடு எந்தப் பக்கம் போகும் பாதை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "சென்னையிலிருந்து திருச்சி போகும் பக்கம்". நாலு வழிச் சாலையில் தப்பான பக்கம் வந்துவிட்டால் அடுத்த திருப்பம் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். நெட் இல்லாமல் வரைபடம் திறக்காத இடத்திலும் இந்தக் கல் இருக்கும்.

ஒரு சின்ன அட்டையில் இந்த எண்களையும் வீட்டு எண் ஒன்றையும் பேனாவால் எழுதி முன் கண்ணாடிக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பில் செருகி வையுங்கள். போன் லாக் ஆகிக் கிடந்தாலும், உங்களுக்குப் பதில் வேறொருவர் பேச வேண்டியிருந்தாலும் அது உதவும்.

ஓஎம்ஆர்_வாசி:
சரி, முக்கோணமும் அங்கியும் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் என்ன வேண்டும்? தீயணைப்பான், கண்ணாடி உடைக்கும் சாமான் என்று ஆரம்பிப்பீர்கள். ஒரு கிலோ பவுடர் பத்து விநாடி வருமா? எரிகிற காரை அதால் அணைக்க முடியாது.

நாமக்கல்_பட்டறை:
எரியற காரை அணைக்க இல்லைங்க, புகையற காருக்கு. ஆரம்பத்துல அடிச்சா நிக்கும். பெரும்பாலான தீ, வெளிக்கடையில லைட்டும் ஹாரனும் மாட்டறேன்னு ஒயரை அறுத்துச் சேர்த்த இடத்துலதான் பிடிக்குது. புகை வந்தா எஞ்சினை நிறுத்துங்க, எல்லாரையும் இறக்கித் தூர அனுப்புங்க. பானெட்டை முழுசாத் தூக்காதீங்க. காத்து உள்ள போனா குப்புனு பிடிச்சுக்கும். லீவரை இழுத்தா ஒரு விரல் அளவு திறக்கும் பாருங்க, அந்த இடைவெளி வழியாவே அடிங்க. தீ பெருசாயிட்டா எல்லாத்தையும் விட்டுட்டு ஓடிடணும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஏபிசி பவுடர் வகை, ஒரு கிலோ, முள் காட்டற மீட்டர் வெச்சது. முள் பச்சையில இருக்கான்னு அப்பப்போ பாருங்க. உள்ள பவுடர் அடியில இறுகிக்கும், அதனால மாசம் ஒரு தடவை தலைகீழாக் கவிழ்த்துக் குலுக்கி வைங்க. முக்கியமா, பட்டி போட்டு இறுக்கணும். டிரைவர் சீட்டுக்குக் கீழ சும்மா உருட்டிவிட்டா பிரேக் போடும்போது பெடலுக்கு அடியில வந்து நிக்கும். தண்ணி பாட்டிலும் அப்படித்தான்.

பொருநைக்கரை:
கண்ணாடி உடைப்பான் தேவையா என்று ஓஎம்ஆர் நண்பர் கேட்டதற்கு எங்கள் ஊரை வைத்துச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் சாலை எது குளம் எது என்று தெரியவில்லை. போன் டவர்கள் வேலை செய்யவில்லை. 1033, 108 எல்லாம் எண்ணாக மட்டும்தான் இருந்தன. மறு வருஷம் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் விழுப்புரம் அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடி, போக்குவரத்து நின்றது. நீங்கள் போகப்போகும் அதே பாதை.

தண்ணீர் பாதி சக்கர உயரத்துக்கு இருந்தால் இறங்கவே வேண்டாம். ஓடும் தண்ணீர் என்றால் அதைவிடக் குறைவாக இருந்தாலும் வேண்டாம். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்; காற்று போகும் வழியில் தண்ணீர் ஏறியிருந்தால் எஞ்சினே வளைந்து போகும். தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் முதல் காரியம் ஜன்னலை இறக்குவது. கரண்ட் கொஞ்ச நேரம் வேலை செய்யும். கதவைத் திறக்க முயன்று நேரத்தை வீணாக்கக் கூடாது, வெளித் தண்ணீர் அழுத்திப் பிடிக்கும். ஜன்னல் இறங்காவிட்டால்தான் உடைப்பான்.

முன் கண்ணாடியை உடைக்க முடியாது, நடுவில் படலம் ஒட்டிய கண்ணாடி அது. பக்க ஜன்னலின் ஓரத்தில், மூலைக்குப் பக்கத்தில் அழுத்த வேண்டும். இப்போது சில வண்டிகளில் பக்க ஜன்னலும் அந்த ஒட்டுக் கண்ணாடியாகவே வருகிறது. ஜன்னலின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். டெம்பர்டு என்றால் உடையும், லேமினேட்டட் என்றால் உடையாது. எந்தக் கண்ணாடி உடையும் என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் வைத்து அழுத்தும் வகை, சீட் பெல்ட் அறுக்கும் பிளேடோடு சேர்ந்தது வாங்கி, பெல்ட் போட்டபடியே கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். டிக்கியில் வைத்தால் அது யாருக்கும் உதவாது.

வைகைக்கரை:
மிக்க நன்றி. ஜன்னல் மூலையில் பார்த்தேன்: பின் ஜன்னல்களில் டெம்பர்டு என்றிருக்கிறது, முன்னால் இரண்டிலும் லேமினேட்டட். இதை ஷோரூமில் யாரும் சொல்லவில்லை. மருந்துப் பெட்டிக்கு என்ன வைக்க வேண்டும், செவிலி அக்கா? அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்குப் பிரஷர்.

தஞ்சை_செவிலி:
தம்பி, முதலில் அப்பா அம்மா மாத்திரைகள். பயண நாளுக்கு மேல் இரண்டு நாளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொண்டு அம்மாவின் கைப்பையில் வையுங்கள். காரில் விடாதீர்கள். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் சூடு ரொம்ப ஏறிவிடும், மாத்திரையின் வீரியம் குறையும். இன்சுலின் போடுகிறார் என்றால் இன்னும் கவனம். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கினால் கொடுக்கக் குளுக்கோஸோ சாதாரண மிட்டாயோ கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். அப்புறம் ஓஆர்எஸ் பாக்கெட், பிஸ்கட், குழந்தைக்குத் தேவையானது, ஆளுக்கு இரண்டு லிட்டராவது தண்ணீர்.

காயத்துக்கு: சுத்தமான காஸ் துணி நிறைய, ரோலர் பேண்டேஜ் அகலமானதாக நாலைந்து, மைக்ரோபோர் டேப், கத்தரிக்கோல், கையுறை சில ஜோடி, பொவிடோன் அயோடின். கடைப் பெட்டிகளில் குட்டி பிளாஸ்டர்களைத்தான் நிரப்பி வைத்திருப்பார்கள். விபத்தில் வரும் காயத்துக்கு அது எந்த மூலைக்கு? ரத்தம் பீறிட்டால் காஸை வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். நனைந்தால் எடுக்காதீர்கள், அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். சரியாகிவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது, அப்போது உறைந்தது மறுபடி திறந்துகொள்ளும்.

அடிபட்டவருக்குத் தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். பாசத்தில்தான் கொடுக்கிறார்கள், ஆனால் நினைவு மங்கியவருக்கு அது மூச்சுக்குழாயில் போகும். ஆபரேஷன் தேவைப்பட்டாலும் சிக்கல். தீ, தண்ணீர் மாதிரி ஆபத்து இல்லையென்றால் வண்டியிலிருந்து இழுத்து வெளியே போடாதீர்கள், கழுத்து அசையக் கூடாது. 108 வரட்டும்.

வேறு யாராவது அடிபட்டுக் கிடந்தாலும் நின்று உதவுங்கள், இதைக் கேட்டுக்கொள்கிறேன். போலீஸ், கேஸ் என்று பயந்து விலகிப் போகிறார்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. அவர் பெயரைச் சொல்ல வேண்டுமென்று கட்டாயப்படுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். பணம் யார் கட்டுவது என்ற தயக்கத்தில் ஒருவரைச் சாலையில் விட வேண்டியதில்லை.

குன்னூர்_ஓட்டுநர்:
சமவெளிக்காரர்கள் பேசியாச்சு, மலைக்கு ஒரு வார்த்தை. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்து புகை கிளம்பிய பிறகு தண்ணீர் ஊற்றுவார்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிப் போகும். எந்த கியரில் ஏறினீர்களோ அதில் இறங்குங்கள், ஆறவிட நின்று போங்கள். மலையில் வைத்திருக்க வேண்டியது சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை இரண்டு, நெற்றியில் மாட்டும் டார்ச் ஒன்று. போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் எந்த வேலையும் ஓடாது. ரேடியேட்டர் கொதித்தால் மூடியைத் தொடாதீர்கள், முழுசாக ஆறட்டும்.

மின்வண்டி_கோவை:
எலெக்ட்ரிக் காருக்கு ஜம்பர் கேபிள் வேண்டாம்தானே?

நாமக்கல்_பட்டறை:
வேணுங்க. அதுலயும் லைட்டு, லாக், கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கு. அது செத்தா, பெரிய பேட்டரி நிறைய இருந்தும் வண்டி எழுந்திருக்காது. ஆனா உங்க வண்டியில இருந்து இன்னொரு வண்டிக்குக் கரண்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி கையேட்டைப் படிங்க. இழுத்துட்டுப் போறதும் கயிறு கட்டி இல்லை, பிளாட்பெட்ல ஏத்தித்தான்.

பெட்ரோல், டீசல் வண்டிக்கு வரிசை: சிவப்பு முதல்ல செத்த பேட்டரி பிளஸ்ல, அடுத்து நல்ல பேட்டரி பிளஸ்ல. கறுப்பு நல்ல பேட்டரி மைனஸ்ல, கடைசி முனை செத்த வண்டி எஞ்சின்ல பெயிண்ட் இல்லாத இரும்புல, பேட்டரியை விட்டுத் தள்ளி. கழட்டும்போது அப்படியே தலைகீழா. லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கினா ரொம்ப வசதி, இன்னொரு வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனா வெயில்ல நிக்கற வண்டியில விட்டுட்டுப் போகாதீங்க, வீட்டுக்குள்ள கொண்டு போயிடுங்க. பவர் பேங்க்கும் அப்படித்தான்.

ஓஎம்ஆர்_வாசி:
ஸ்டெப்னியே கொடுக்காமல் எப்படி விற்கிறார்கள்? சட்டம் இடம் கொடுக்கிறதா?

மஞ்சள்_மைல்கல்:
கொடுக்கிறது. 2020-இல் விதியைத் திருத்தினார்கள். டயர் பஞ்சர் கிட்டும் காற்றழுத்தம் காட்டும் அமைப்பும் இருந்தால் கார் வகை வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. என்னைக் கேட்டால் குடும்பத்தோடு தெற்கே போகிறவர், டிக்கியில் இடமிருந்தால் ஒன்று வாங்கி வைப்பதுதான் நிம்மதி. பக்கச்சுவர் கிழிந்தால் எந்தக் கிட்டாலும் அடைக்க முடியாது.

வைகைக்கரை:
நேற்று உட்கார்ந்து அடுக்கினேன். முக்கோணம், இரண்டு அங்கி, டார்ச் எல்லாம் பின் சீட்டுக்குக் கீழே ஒரு துணிப்பையில். தீயணைப்பானை முன் பக்க சீட் அடியில் பட்டி போட்டு இறுக்கியாச்சு. உடைப்பான் டெம்பர்டு ஜன்னலுக்குப் பக்கத்தில், பின் கதவின் கைப்பிடியில், மனைவிக்கும் காட்டிக்கொடுத்தேன். எண்கள் எழுதிய அட்டையும் ரெடி. ஸ்டெப்னி விலை கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு சிக்கல்: கம்ப்ரஸரை முன்னால் உள்ள 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகிப் பார்த்தேன், ஒயர் பின் வலது சக்கரம் வரை எட்டவில்லை.

நாமக்கல்_பட்டறை:
இப்பவே பார்த்தீங்களே, நல்லதாப் போச்சுங்க. டிக்கி பக்கச் சுவர்ல இன்னொரு சாக்கெட் இருக்கான்னு மூடியைத் திறந்து பாருங்க, பல வண்டியில இருக்கும். இல்லைன்னா ஒயரைக் கதவு வழியா விடாம ஜன்னலை இறக்கி நேரா விடுங்க, ஒரு முழம் மிச்சமாகும். அப்பவும் பத்தலைன்னா 15 ஆம்பியர் தாங்கற தடிமனான எக்ஸ்டென்ஷன் வாங்குங்க, போன் சார்ஜருக்கு விக்கற மெல்லிசு ஒயர் வேண்டாம். எஞ்சின் ஓடும்போதே காத்து அடிங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கம்ப்ரஸரை ஆற விடுங்க. கிட்ல இருக்கற அடைப்புத் திரவ டப்பாவுல காலாவதித் தேதி போட்டிருக்கும், அதையும் ஒரு பார்வை பார்த்துடுங்க.